முதலில் மோசமாகும், அப்புறம்தான் சரியாகும்

பல்லுக்குக் கம்பி போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, போடுவதற்கு முன்னால் இருந்ததைவிட முகம் மோசமாகத் தெரிந்தால் ஒரு குடும்பம் என்ன நினைக்கும்? டாக்டருக்கு விவரம் போதவில்லை, காசு வீணாய்ப் போயிற்று என்றுதான் நினைக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேச்சு வந்தது. என் தம்பிக்குத் தாடை அறுவை சிகிச்சை முடிந்து, கம்பியையும் கழற்றியாகிவிட்டது. அவன் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆபரேஷனைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கோ அதற்கு முந்தின காலத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதியில் நிறுத்துகிறவர்கள் அங்கேதான் நிறுத்துகிறார்கள்.

எங்களுக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனுடைய கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னால் இருந்தது. அம்மாவைப் பெற்ற அப்பிச்சிக்கும் அப்படியே இருந்ததாம். அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, அவன் தாவாங்கட்டையைப் பிடித்துக்கொண்டு "அப்பிடியே உங்க அப்பிச்சி சாயல்டா சாமி" என்று சொல்லிச் சொல்லியே அவனை வளர்த்தார். இந்த மாதிரித் தாடை குடும்ப வழியில் வருவதுதான். அதனால் எங்கள் வீட்டில் யாரும் அதைக் குறையாக எண்ணியதில்லை. அது நல்ல விஷயம்தான். ஆனால் அதே காரணத்தால் அவன் சாப்பிடப் பட்ட பாட்டையும் யாரும் கவனிக்கவில்லை.

நமக்கெல்லாம் மேல் முன்பல் கீழ் முன்பல்லுக்குக் கொஞ்சம் வெளியே நின்று, கத்தரிக்கிற வேலையைச் செய்கிறது. அவனுக்குக் கீழ்ப்பல் வெளியே, மேல்பல் உள்ளே. முன்பல்லால் எதையும் கடித்துத் துண்டாக்க முடியாது. முறுக்கைக் கையால் ஒடித்துக் கடைவாயில் போட்டுக்கொள்வான். பொங்கலுக்குக் கரும்பு கடிக்கிற இடத்தில் இருக்கவே மாட்டான். கறி விருந்துக்குப் போனால் மெல்லுவதற்கு நேரம் ஆகும் என்பதால், பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழும்போது இவன் பாதியில் இருப்பான், அப்படியே எழுந்துவிடுவான். 'ஸ' வருகிற சொற்கள் தெளிவாக வராது. கடைவாய்ப் பற்கள் அந்த வயதிலேயே தேய ஆரம்பித்திருந்தன. காதுக்கு முன்னால் தாடை மூட்டு வலிக்கிறது என்று அடிக்கடி சொல்வான். "ஆம்பளப் பையனுக்கு அழகு என்னத்துக்கு" என்று கேட்டவர்கள் யாரும் இதில் ஒன்றையும் பார்த்ததில்லை.

முதலில் காட்டிய இடத்தில், கீழே இரண்டு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு, கம்பி போட்டுக் கீழ்வரிசையை உள்ளே இழுத்துவிடலாம் என்றார்கள். எலும்பில் வித்தியாசம் கொஞ்சமாக இருக்கிறவர்களுக்கு இந்த வழி சரியான வழிதான், நன்றாகவே பலன் தரும். ஆனால் இன்னொரு இடத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது என்று எனக்குப் பட்டது. நம் பக்கத்தில் குமாரபாளையம், திருச்செங்கோடு, சேலம், கோவை என்று பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கம்பி போடுகிற ஆர்த்தோடான்டிஸ்ட், தாடை அறுவை செய்கிற சர்ஜன் இருவரும் அங்கே ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். அப்படி ஒரு கல்லூரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். பக்கவாட்டில் முழுத் தலையையும் எடுக்கிற எக்ஸ்ரே ஒன்று எடுத்தார்கள். அதற்கு செஃபலோகிராம் என்று பெயர். மண்டையோட்டின் அடிப்பகுதியிலிருந்து கோடு போட்டு, மேல்தாடை எவ்வளவு பின்னால் இருக்கிறது, கீழ்த்தாடை எவ்வளவு முன்னால் இருக்கிறது, முன்பற்கள் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கின்றன என்று அளந்தார்கள். கோளாறு பல்லில் இல்லை, எலும்பில் என்று அதில் தெரிந்தது. மேல்தாடை கொஞ்சம் வளர்ச்சி குறைவு, கீழ்த்தாடை கொஞ்சம் வளர்ச்சி அதிகம், இரண்டும் சேர்ந்துதான் அந்த முகம்.

நிலை சாய்ந்த வீட்டில் கதவைச் சீவிச் சீவி எப்படியாவது மூட வைத்துவிடலாம். கதவு மூடும், ஆனால் நிலை சாய்ந்தபடியே இருக்கும், கதவும் மெலிந்துபோகும். எலும்பில் பெரிய வித்தியாசம் இருக்கிறபோது கம்பியால் மட்டும் சமாளிப்பதும் அதுதான் என்று எங்களுக்கு விளங்கியது.

இதில் எல்லோருக்கும் தெரிய வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. தாடை எலும்பு முன்னால் போகிறபோது பற்கள் சும்மா இருப்பதில்லை. உதடும் நாக்கும் தள்ளுகிற தள்ளலில், கீழ் முன்பற்கள் மெல்ல நாக்குப் பக்கம் சாய்ந்துகொள்ளும், மேல் முன்பற்கள் உதட்டுப் பக்கம் சாய்ந்துகொள்ளும். எப்படியாவது ஒன்றையொன்று தொட்டுவிடப் பார்க்கும். வளர்கிற வயது முழுக்க இது நடந்துகொண்டே இருக்கும். அதனால் எலும்பில் இருக்கிற வித்தியாசத்தில் ஒரு பகுதியைப் பற்கள் மூடி மறைத்துவிடுகின்றன. தம்பிக்கு மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வெளியே தெரிந்த இடைவெளி 3 மில்லிமீட்டர்தான். எலும்பில் இருந்தது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

சர்ஜன் தாடையை வெட்டி நகர்த்தும்போது பற்களோடு சேர்ந்த எலும்பை ஒரே துண்டாகத்தான் நகர்த்துகிறார். எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதைப் பற்கள்தான் தீர்மானிக்கின்றன, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்துகிற இடம்தான் நிறுத்துகிற இடம். பற்கள் சாய்ந்தபடியே இருந்தால், 3 மில்லிமீட்டரும் அதற்கு மேல் கொஞ்சமும் நகர்த்தியதும் அவை முட்டிக்கொள்ளும். எலும்பு போக வேண்டிய தூரம் போகாது. அதனால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே கம்பி போட்டு, சாய்ந்த பற்களை அந்தந்த எலும்பின்மேல் நேராக நிமிர்த்தி வைக்கிறார்கள். கீழ்ப்பல் முன்னால் வரும், மேல்பல் பின்னால் போகும். அதாவது இதே மாதிரித் தாடைக்குக் கம்பி மட்டும் போட்டுச் சமாளிக்கிறபோது செய்வதற்கு நேர் எதிர்த் திசையில் எல்லாம் நடக்கும். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம்வரை ஆகும். அது முடிகிறபோது தம்பிக்கு இடைவெளி 7 மில்லிமீட்டராக இருந்தது.

7 மில்லிமீட்டர் என்றால் படிக்கிறவர்களுக்குச் சின்னதாகத் தோன்றும். முகத்தில் அது சின்னது இல்லை. கீழ் உதடு இன்னும் வெளியே வந்தது. முன்பு ஏதோ கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்த பற்களும் தொடாமல் போயின. சாப்பாடு இன்னும் சிரமமானது, பேச்சு இன்னும் குழறியது. அந்தச் சமயத்தில்தான் சொந்தத்தில் ஒரு சீர், அதற்கடுத்து ஒரு வீட்டுக் குடிபுகல். போன இடத்திலெல்லாம் "ஏஞ்சாமி, கம்பி போட்டும் இப்பிடியே இருக்குது?" என்று கேட்டார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தானே. சிரிப்பதை நிறுத்தினான், அப்புறம் விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்தினான். ஒருநாள் போனில், "அக்கா, கழட்டிட்டு இருந்த மாதிரியே இருந்துக்கறேனே" என்றான்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போனேன். டாக்டரம்மா எதையும் விளக்கிப் பேசவில்லை. தம்பியின் பற்களுக்கு அச்செடுத்துச் செய்திருந்த சாந்து மாதிரிகள் இரண்டை மேசையில் வைத்தார். மேல்வரிசையை ஒரு கையிலும் கீழ்வரிசையை ஒரு கையிலும் எடுத்து, இப்போது வாயில் இருப்பது மாதிரி சேர்த்துக் காட்டினார். அப்புறம் கீழ்வரிசையை மெல்லப் பின்னால் தள்ளினார். பற்கள் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்தன, முன்னாலும் கடைவாயிலும். அதற்குப் பிறகு கம்பி போடுவதற்கு முன்னால் எடுத்த பழைய மாதிரிகளை எடுத்து அதே மாதிரி தள்ளிப் பார்த்தார். முன்பல் முட்டிக்கொண்டு நின்றது, கடைவாய் சேரவே இல்லை. "இதுக்குத்தாங்கம்மா இத்தனை நாள்" என்றார். அம்மா இரண்டையும் தானே கையில் வாங்கித் தள்ளிப் பார்த்தார். வரும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் தம்பியை முந்திக்கொண்டு அம்மாவே பதில் சொல்லிவிடுவார். அந்த மாதிரிகளை வீட்டுப் பெரியவர்களுக்கு முதல் நாளே காட்டிவிட்டால் எத்தனையோ பேரின் மனக்கஷ்டம் குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாயால் சொன்னால் நம்பாதவர்கள்கூடக் கையால் தள்ளிப் பார்த்தால் நம்பிவிடுவார்கள்.

இந்தக் காத்திருப்பு இல்லாமல், முதலில் ஆபரேஷன், பிறகு கம்பி என்று செய்கிற முறையும் உண்டு. 2009-ல் ஜப்பானிய மருத்துவர்கள் அதைப் பற்றி எழுதிய பிறகு பல நாடுகளில் செய்கிறார்கள். முகம் முதலிலேயே மாறிவிடும் என்பது அதில் பெரிய ஆறுதல். ஆனால் பற்கள் நெருக்கமில்லாமல், மேல்வரிசை கீழ்வரிசை இரண்டின் வளைவுகளும் ஓரளவு பொருந்தி இருக்கிறவர்களுக்குத்தான் அது தோது. தம்பிக்கு மேல்வரிசை குறுகலாக இருந்தது, அதை விரித்தாக வேண்டும். அதனால் எங்களுக்கு அந்த வழி இல்லை என்றார்கள்.

கம்பிக் காலத்தில் பட்ட சின்னச் சின்ன அவதிகளை நீட்டி எழுதத் தேவையில்லை, கம்பி போட்ட எல்லோருக்கும் அது தெரியும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். காத்திருக்கிற இடத்தில் ஓமலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வருவாள். கம்பியைப் பிடித்து நிறுத்த ஒவ்வொரு பல்லிலும் ஒட்டுகிற சின்னத் துண்டுக்குப் பிராக்கெட் என்று பெயர்; அவளுக்கு அது அடிக்கடி பெயர்ந்து வந்துவிடும். சேலம், தர்மபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் உள்ள ஊர்கள் நிறைய இருக்கின்றன. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும், மேல் எனாமலும் வேறு மாதிரி இருக்கும். பசை அதில் எளிதில் பிடிக்காது. அந்தப் பெண்ணின் கவனக்குறைவு என்று அவள் வீட்டில் திட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் செய்த வேலைக்கு அவள் திட்டு வாங்கினாள்.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஆபரேஷனை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. முக எலும்புகளில் வளர்ச்சி கடைசியாக நிற்பது கீழ்த்தாடைக்குத்தான். பெண்களுக்குப் பெரும்பாலும் 16, 17 வயதில் நின்றுவிடும். ஆண்களுக்கு 18 தாண்டும், கீழ்த்தாடை முன்னால் வருகிற வாகு உள்ளவர்களுக்கு 20, 21 வரைகூட மெல்ல வளர்ந்துகொண்டிருக்கும். வளர்ச்சி நிற்பதற்கு முன்னால் வெட்டி வைத்தால் மறுபடி வளர்ந்து பழையபடி முன்னால் வந்துவிடும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ இடைவெளி விட்டு இரண்டு எக்ஸ்ரே எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, மாற்றமில்லை என்றால்தான் மேற்கொண்டு போவார்கள். பள்ளிக்கூட வயதில் காட்டுகிறவர்களைக் காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

சரி, காத்திருந்து ஆரம்பித்தால் அது நேராகக் கல்யாணப் பேச்சு தொடங்குகிற வயதில் போய் நிற்கிறது. நம் பக்கத்தில் இப்போது பையன்களுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. மாமா வந்து, "ஆவணிக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுப்போடோணும், ரெண்டு எடம் வந்திருக்குது" என்றார். டாக்டரிடமே போய்த் தேதி கேட்டார். பல் தயாரானால்தான் தேதி என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. தம்பி மரியாதையாகத்தான் பேசினான், ஆனால் தெளிவாகப் பேசினான்: "பொண்ணு பார்க்கறது அது பாட்டுக்கு நடக்கட்டுங்க மாமா. இத நான் எனக்காகப் பண்ணிக்கறேன்." முகூர்த்தத்துக்குத் தகுந்தபடி எலும்பையும் பல்லையும் அவசரப்படுத்துகிற பேச்சு வந்தால், அந்தப் பேச்சைக் குடும்பத்தில் யாராவது ஒருவர் அழுத்தமாக நிறுத்த வேண்டும். சிகிச்சை யாருக்கோ அவர் தனியாக நின்று நிறுத்துவது மிகவும் சிரமம்.

பற்கள் தயாரானதும் வேலைகள் வேகமாக நடந்தன. கீழே இருந்த ஞானப்பற்களை முன்பே, ஆறு மாதத்துக்கும் மேல் இடைவெளி இருக்கும்படி எடுத்துவிட்டார்கள். தாடையைப் பிளக்கிற இடமும் அதுவே என்பதால் அந்தக் குழி எலும்பால் நிரம்பியிருக்க வேண்டுமாம். கம்பியில் சின்னச் சின்னக் கொக்கிகள் வைத்தார்கள். முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, மேல்தாடையை 4 மில்லிமீட்டர் முன்னால், கீழ்த்தாடையை 5 மில்லிமீட்டர் பின்னால் என்று கணக்குப் போட்டார்கள். இடைவெளி மூடினால் மட்டும் போதாது, மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்குக் கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும், அதனால்தான் கூட்டினால் 7-ஐவிடக் கொஞ்சம் அதிகம். கீழ்த்தாடையை மட்டும் முழுத் தூரமும் பின்னால் தள்ளினால் என்ன என்று நான் கேட்டேன். அப்படிச் செய்தால் நாக்குக்குப் பின்னால் மூச்சு போகிற வழி குறுகிவிடலாம், அதனால் நகர்த்தலை இரண்டு தாடைக்கும் பிரித்துக் கொடுக்கிறோம் என்றார் சர்ஜன். தம்பி தூக்கத்தில் குறட்டை விடுவானா என்று அவர் முதல் சந்திப்பிலேயே விசாரித்திருந்தார். அது எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

முகத்தின் வெளிப்பக்கத்தில் எங்கேயும் கீறுவதில்லை. எல்லாமே வாய்க்குள்ளிருந்துதான். மேல்தாடையைப் பற்களின் வேருக்கு மேலே கிடைமட்டமாக வெட்டிப் பிரிக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு லெ ஃபோர் கோடு என்று பெயர். ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு மருத்துவர், அடிபட்டால் முக எலும்பு எந்தெந்தக் கோட்டில் உடைகிறது என்று இறந்தவர்களின் உடல்களை வைத்து ஆராய்ந்து 1901-ல் எழுதினார். விபத்தில் உடைகிற கோடுகளில் ஒன்றை, பின்னால் வந்தவர்கள் வேண்டுமென்றே வெட்டுகிற கோடாக்கிக்கொண்டார்கள். கீழ்த்தாடையைப் பக்கத்துக்கு ஒன்றாக, கடைவாய்க்குப் பின்னால் உள்தகடு, வெளித்தகடு என்று நெடுக்குவாட்டில் பிளந்து, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்த்துகிறார்கள். ஹூகோ ஓப்வெகேசர் என்ற மருத்துவர் தன் ஆசிரியர் டிரவுனரோடு சேர்ந்து 1957-ல் இதை ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் உலகமெங்கும் பரவியது. பிளந்த இரண்டு தகடுகளும் அகலமாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் எலும்பு நன்றாகக் கூடுகிறது. அப்போதெல்லாம் எலும்பு கூடும்வரை மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டி, ஆறு வாரம்போல வாயைத் திறக்க முடியாமல் வைத்திருப்பார்கள். இப்போது டைட்டானியத் தகடும் திருகும் வைத்து எலும்பை நிறுத்திவிடுகிறார்கள். பற்களுக்கு நடுவே பிளாஸ்டிக்கில் செய்த ஒரு மெல்லிய அச்சு, மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சேர்த்துப் பிடிக்கக் கொக்கிகளில் ரப்பர், அவ்வளவுதான். தகடுகள் தொந்தரவு செய்யாவிட்டால் காலத்துக்கும் உள்ளேயே இருக்கலாம்.

மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி மயக்கம் கொடுத்தார்கள். தியேட்டருக்கு வெளியே அம்மா பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். காலையில் உள்ளே போனவன் மதியம் தாண்டித்தான் வெளியே வந்தான்.

வீக்கம் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உச்சத்தில் இருக்கும். அந்த முகத்தைப் பார்க்க வீட்டார் மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். கண்ணுக்குக் கீழே கன்றிப்போய், உதடு தடித்து, மூக்கிலிருந்து பழைய ரத்தம் வடிந்துகொண்டு இருந்தான். மேல்தாடையில் ஆபரேஷன் ஆனவர்கள் சில வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான வீக்கம் வடிந்துவிடும், மிச்சம் மாதக் கணக்கில் மெல்ல வடியும். கண்ணாடியைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். முதல் இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்துபோவது பலருக்கும் வருகிறது. ஏன் பண்ணிக்கொண்டோம் என்று தம்பியும் அழுதான். அப்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நம் பக்கத்துச் சமையல் கை கொடுத்தது. முதல் இரண்டு வாரம் முழுக்க நீர்தான், நுனியில் சின்னக் குழாய் மாட்டிய சிரிஞ்சில் கன்னத்தின் ஓரமாக விட வேண்டும். மருத்துவமனையில் கொடுத்த சீட்டில் பால், பழச்சாறு, சத்து மாவு என்று இருந்தது. அதை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் ஆள் இளைத்துவிடுவான். எலும்பு கூடப் புரதம் வேண்டும். அம்மா ராகிக் கூழை மோர் விட்டு நீர்க்கக் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டினார். கொள்ளை வேகவைத்த தண்ணீரில் ரசம் வைத்துத் தெளிய வைத்து எடுத்தார். அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைய வேகவைத்து நெய் விட்டு, மிக்சியில் அரைத்து, பால் பதத்துக்குக் கொண்டுவந்து வடிகட்டினார். தேங்காய்ப்பாலில் நாட்டுச்சர்க்கரை, நாட்டுக்கோழிச் சாறு, பச்சைப்பயறு வேகவைத்த தண்ணீர் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. திப்பி ஒன்றுகூட இருக்கக் கூடாது, ரப்பருக்குள் சிக்கிக்கொள்ளும். கொள்ளு சூடு, தயிர் புண்ணுக்கு ஆகாது என்று வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சர்ஜனிடமே கேட்டேன். "வடிகட்டிக் குடுத்தா எதையும் குடுக்கலாங்க, எடை குறையாமப் பாத்துக்கங்க" என்றார். அதற்கப்புறம் யார் சொன்னதையும் காதில் வாங்கவில்லை.

சூட்டில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். உதடு மரத்திருப்பதால் சுட்டால்கூடத் தெரியாது. என் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். ஒவ்வொரு முறையும் முடித்ததும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, குழந்தைகளுக்கு விற்கிற சின்ன பிரஷ்ஷால் கம்பியைச் சுற்றித் துலக்க வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து நன்றாக மசித்த சந்தவை (எங்கள் பக்கத்து இடியாப்பம்), குழைந்த சோறு. ஆறு வாரம்வரை மெல்லவே கூடாது.

அந்த மரப்பைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். கீழ் உதட்டுக்கும் தாவாங்கட்டைக்கும் உணர்வு கொடுக்கிற நரம்பு, கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. எலும்பைப் பிளக்கிற இடத்தில் அது இழுபடாமல் இருப்பது அரிது. அதனால் ஆபரேஷன் முடிந்ததும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மரத்துத்தான் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ திரும்பிவிடும். சிலருக்குக் கொஞ்சம் இடம் மரத்தபடியே நின்றுவிடும். தம்பிக்கு இடப்பக்கம் தாவாங்கட்டையில் சின்ன இடம் இன்னும் மந்தமாகத்தான் இருக்கிறது. உதடு அசைவதற்கும் சிரிப்பதற்கும் அதனால் குறைவில்லை, அந்த நரம்பு உணர்வுக்கு மட்டும்தான். இதைக் கையெழுத்து வாங்குகிற காகிதத்தில் ஒரு வரியாகப் போட்டுவிட்டுப் போகாமல், எங்கள் சர்ஜன் ஒரு முழுச் சந்திப்பை இதற்கே ஒதுக்கிப் பேசினார். அதற்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். தெரிந்து சம்மதித்ததால்தான் தம்பியால் அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது.

வீக்கம் வடிந்த பிறகு அமுச்சியைப் பார்க்கப் போனோம். அவர் வெகுநேரம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாவாங்கட்டையைத் தொட்டுப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது சாமி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க அப்பிச்சி சாயலு போயிருச்சு" என்றார். யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பிச்சி போய்ப் பல வருஷமாகிறது. அவரை இவன் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது ஒரு இழப்பு. அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனமில்லை. தம்பி அதற்குப் பிறகு அடிக்கடி அமுச்சி வீட்டுக்குப் போகிறான். நடையும் குரலும் அப்பிச்சி மாதிரியே என்று இப்போது சொல்கிறாராம்.

ஆபரேஷனோடு முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: அதற்குப் பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம்வரை கம்பி உண்டு. எலும்பு சரியான இடத்துக்கு வந்தாலும், ஒவ்வொரு பல்லையும் எதிர்ப்பல்லோடு அணுஅணுவாக உட்கார வைக்க வேண்டும், தசைகளும் புது இடத்துக்குப் பழக வேண்டும். ரப்பரை ஒழுங்காக மாட்டாவிட்டால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராமல் மறுபடி விலகிக்கொள்ளும். முகம் அழகாகிவிட்டது, இனி எதற்கு என்று இந்தக் கட்டத்தில் வராமல் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா வருத்தப்பட்டார். பட்ட பாட்டையெல்லாம் பட்டுவிட்டுக் கடைசிப் பகுதியை விடுவது எனக்கும் பொறுக்கவில்லை. கம்பி கழற்றிய பிறகு, பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கிற ரிடெய்னர் வேறு உண்டு. தம்பி இன்னும் இரவில் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறான்.

யாராவது இந்த வழியில் போவதாக இருந்தால், கம்பி போடுகிற டாக்டரிடம் முதல் நாளே ஒன்றைக் கேளுங்கள்: ஆபரேஷன் செய்யப்போகிற சர்ஜன் யார், அவர் எங்களைப் பார்த்துவிட்டாரா? பல்லை எந்தத் திசையில் நகர்த்துவது என்பதே ஆபரேஷன் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தது. கம்பி மட்டும் என்றால் ஒரு திசை, ஆபரேஷனும் என்றால் அதற்கு நேர் எதிர்த் திசை. பாதி வழியில் மனம் மாறினால் நகர்த்தியதையெல்லாம் திருப்பி நகர்த்த வேண்டியிருக்கும், எடுத்த பல் திரும்பி வராது. அதனால் இருவரும் சேர்ந்து பார்த்து முடிவு செய்த பிறகுதான் முதல் பிராக்கெட்டையே ஒட்ட வேண்டும். செலவையும் மொத்தமாக, கம்பி, ஸ்கேன், ஆபரேஷன், தகடு, மயக்க மருந்து என்று பிரித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீடு இருந்தால், அழகுக்கான சிகிச்சை என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். மெல்ல முடியாதது, மூட்டு வலி, பல் தேய்மானம் எல்லாவற்றையும் டாக்டரிடம் எழுதி வாங்கி முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மேல்தாடை வளர்ச்சி குறைவு என்பதைப் பல் விழுந்து முளைக்கிற வயதிலேயே, முடிந்தால் 10 வயதுக்கு முன்னால் கண்டுபிடித்தால், முகத்துக்கு வெளியே மாட்டுகிற ஒரு சட்டத்தில் ரப்பர் கட்டி மேல்தாடையை முன்னால் இழுக்க முடியும். தினமும் பல மணி நேரம், மாதக் கணக்கில் போட வேண்டும். அதற்குப் பிறகும் சிலருக்குப் பெரியவர்களானதும் ஆபரேஷன் தேவைப்படலாம், ஆனால் பலருக்கு அது இல்லாமலே போகலாம். எங்கள் பெரியம்மா பேரனுக்கு ஏழு வயது. முன்பல் முளைக்கும்போதே மேல்வரிசை உள்ளே போகிறது. அவனுக்கும் அதே தாவாங்கட்டைதான். முழுப்பரீட்சை லீவு விட்டதும் தம்பியே அவனைக் கூட்டிப்போய்க் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான்.